ஒன்பதாம் வகுப்பு மகளின் சிலம்பத்தை நிறுத்தலாமா?

கேள்வி: மகள் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. இரண்டு வருடமாகச் சிலம்பம் சுற்றுகிறாள். நான் வீட்டு வேலைக்குப் போகிறேன். அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு, அதனால் நிறுத்தச் சொல்கிறார் அவள் அப்பா. ஒரு தனியார் பள்ளியில், சிலம்பத்துக்காக ப்ளஸ் ஒன்னில் ஃபீஸ் இல்லாமல் சேர்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள். என்ன செய்யட்டும்?

சிலம்பத்தை நிறுத்த வேண்டாம்மா. பள்ளியையும் மாற்ற வேண்டாம். பள்ளி விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் செய்த தப்பைப் பின்னால் திருத்த முடியாது.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைகளுக்கு மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடம் தனியாக உண்டு. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும். புதுமைப்பெண் திட்டத்தில் கல்லூரிப் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழும். ப்ளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளிக்குப் போனால் இரண்டும் போய்விடும். இரண்டு வருட ஃபீஸ் மிச்சம் என்று பார்த்துக் கல்லூரிச் செலவு முழுவதையும் தலையில் ஏற்றிக்கொள்வீர்கள். அரசு உதவி பெறும் பள்ளியும் அரசுப் பள்ளியும் ஒன்றல்ல. அங்கே தமிழ் வழியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் உண்டு, 7.5 சதவீதம் கிடையாது. விளையாட்டு ஆணையத்தின் விடுதிக்குத் தேர்வானாலும், பிள்ளையை எந்தப் பள்ளிக்கு அனுப்புவார்கள் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அடுத்தது சான்றிதழ். வீட்டில் எத்தனை கோப்பை இருக்கிறது என்பதை எந்த அலுவலகமும் எண்ணாது, காகிதத்தை யார் கொடுத்தார்கள் என்றுதான் பார்க்கும். கல்யாண மண்டபத்தில் ஒரே நாளில் நடத்தி, நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு, வந்தவர் எல்லோருக்கும் 'சர்வதேச' பதக்கம் மாட்டிவிடும் போட்டிகள் விளையாட்டு இட ஒதுக்கீட்டுக்கு உதவாது. பள்ளிக் கல்வித் துறை நடத்தும் பாரதியார் தின விளையாட்டுப் போட்டி, விளையாட்டு ஆணையம் நடத்தும் முதலமைச்சர் கோப்பை ஆகிய இரண்டையும் விடாதீர்கள். பாரதியார் தினப் போட்டி 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று மூன்று பிரிவாக நடக்கும். பெயர் கொடுப்பது பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் வழியாகத்தான். வெளியே மாஸ்டரிடம் கற்கும் பிள்ளைகள் பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்: அவள் சிலம்பம் சுற்றுவதே பள்ளிக்குத் தெரிந்திருக்காது. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் போய்ச் சொல்லிவிடுங்கள்.

பள்ளி அளவிலான தேசியப் போட்டிக்குப் போய்வந்தால் படிவம் 4 என்ற தனிச் சான்றிதழ் வேண்டும். பதக்கத்தோடு வரும் அலங்காரச் சான்றிதழ் அதற்கு ஈடாகாது. ஊர் திரும்பிய கையோடு கேட்டு வாங்குங்கள். இன்னொன்று: சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பள்ளிப் பதிவேட்டில் இனிஷியலே இல்லை என்றிருந்தால் சரிபார்ப்பு மேசையில் தனியே நிறுத்தி வைப்பார்கள். மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் உண்டு, சிலம்பமும் அதில் சேர்ந்திருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுக்கு 500 இடம். ஆனால் ஒவ்வொரு சேர்க்கைக்கும் விளையாட்டுப் பட்டியல் தனித்தனி. அந்த வருட விண்ணப்பக் கையேட்டில் சிலம்பத்தின் பெயர் இருக்கிறதா, எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கிய சான்றிதழ் செல்லும் என்ற இரண்டையும் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

போலீஸ் வேலைக்கு ஆசைப்படுகிறாளா? இரண்டாம் நிலைக் காவலருக்குப் பத்தாம் வகுப்பு, 18 வயது போதும். பெண்களுக்கு உயரம் 159 செ.மீ., எஸ்.சி., எஸ்.டி. என்றால் 157. அளந்து பார்த்துவிட்டு ஆசையை வளர்க்கலாம். 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில் ஓட வேண்டும். கம்பு சுற்றுவதால் மட்டும் அந்த ஓட்டம் வராது, வாரம் இரண்டு நாள் தனியாக ஓடட்டும். கற்றுக்கொடுக்கும் வேலை பிடிக்கும் என்றால் ஏதாவது ஒரு பட்டம், அதன்மேல் இரண்டு வருட பி.பி.எட். என்ற உடற்கல்வி ஆசிரியர் படிப்பு. எந்தப் பக்கம் போனாலும் பாஸ் மார்க் முதலில். சிலம்பம் அதோடு சேர்ந்துதான் கணக்குக்கு வரும்.

அவள் அப்பாவிடம் நேரக் கணக்கைக் காட்டிப் பேசுங்கள். வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரம். டிவி அதைவிட அதிகம் சாப்பிடுகிறது. ஜனவரி முதல் பொதுத்தேர்வு முடியும்வரை வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம் போதும். முழுதாக நிறுத்தினால் மணிக்கட்டு இறுகிவிடும். ஏப்ரலில் பழைய வேகத்தில் சுற்றப் போய்ச் சுளுக்கிக்கொள்வாள்.

பயிற்சி முடிந்ததும் தலைசுற்றல், மூச்சு வாங்கல் என்றால் சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பாருங்கள். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே என்றால் ரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச் சத்து மாத்திரையைப் பல பெண்கள் வாங்கிக் குப்பையில் போடுகிறார்கள். வெறும் வயிற்றில் குமட்டும் என்பதுதான் காரணம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போடட்டும், கூடவே டீ வேண்டாம். சத்துணவு முட்டையை யாருக்கும் கொடுத்துவிடக் கூடாது, மாலையில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை. மாதவிலக்கு நாளில் வலி இல்லையென்றால் பயிற்சிக்குப் போகலாம். 'கம்பெடுத்தால் குழந்தை பிறக்காது' என்று தெருவில் சொல்வதற்கு மருத்துவத்தில் ஆதாரம் எதுவும் இல்லை.

கம்பு நெற்றி உயரம் இருக்கட்டும். மூங்கிலில் சிலும்பு கிளம்பினால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உள்ளங்கையைக் கிழிக்கும்.

மாஸ்டர் நல்லவராகவே இருக்கட்டும், முறை மாறக் கூடாது. தனிப் பயிற்சி என்று அவளை மட்டும் வரச் சொன்னால் அனுப்பாதீர்கள். வெளியூர்ப் போட்டிக்குப் பெண் ஆசிரியரோ ஒரு அம்மாவோ கூடப் போகிறார்களா, இரவு எங்கே தங்குகிறார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். இதைக் கேட்டதற்கு முகம் சுளிக்கும் இடம் உங்களுக்கு வேண்டாம். தப்பாக ஏதாவது நடந்ததாகச் சந்தேகம் வந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். பள்ளி, படிப்பு, உதவித்தொகை பற்றிய கேள்விகளுக்கு 14417.

இந்த ஞாயிறு ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்கி, இதுவரை வந்த சான்றிதழ்களைத் தேதி வாரியாக அடுக்குங்கள். லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். பின்னால் யாராவது முத்திரை வைக்க வேண்டி வந்தால் அதன்மேல் மை ஒட்டாது.