மொட்டை மாடி அக்காவிடம் கேளுங்கள்: மேசைமேல் ஒரு சக்குலண்ட் தோட்டம்

வடசென்னை தண்டையார்பேட்டை மாடியில் சக்குலண்ட், அதாவது இலையிலும் தண்டிலும் தண்ணீர் சேர்த்து வைக்கும் சதைப்பற்றுச் செடி, வளர்ப்பவள் என்பதால் இந்த முறை கேள்விகளை என்னிடம் தள்ளிவிட்டார்கள். அகலமான கிண்ணத்திலோ தட்டிலோ நாலைந்து செடிகளை நட்டு மேசைமேல் வைக்கும் குட்டித் தோட்டம்தான் விஷயம். பெங்களூர்க்காரர்களின் வீடியோவைப் பார்த்து அப்படியே செய்தால் இங்கே தேறாது. நம் ஊரில் இந்தச் செடிகளுக்கு எமன் பகல் வெயில் இல்லை, ராத்திரிப் புழுக்கம். பதில்கள் பெரும்பாலும் அதைச் சுற்றித்தான் வரும்.

பெரம்பூர்: அக்கா, ஊட்டியிலிருந்து ரோஜாப்பூ மாதிரி இருக்கும் எச்சிவேரியா வாங்கி வந்தேன். தை, மாசியில் அழகாக இருந்தது. மே மாதம் இலையெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகி உதிர்ந்துவிட்டது. வெயில் அதிகமாகிவிட்டதா?

வெயில் பட்டுக் கருகியிருந்தால் இலையில் பழுப்புத் தழும்பு விழுந்திருக்கும். கண்ணாடி மாதிரி ஆனது அழுகல். நீங்கள் செய்தது பெரிய தப்பில்லை, செடி ஊர் மாறி வந்ததுதான் காரணம்.

இந்த வகைச் செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும், தண்ணீர் ஆவியாகிப் போகாமல் இருக்க. ராத்திரி குளிர்ந்ததும் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுத்து, அமிலமாக மாற்றிச் சேர்த்து வைக்கும். மறுநாள் வெளிச்சத்தில் அதை வைத்துத்தான் சமையல். எச்சிவேரியாக்களில் பெரும்பாலானவை மெக்சிகோவின் மலைப்பகுதிகளைச் சேர்ந்தவை. அங்கே பகல் எவ்வளவு சுட்டாலும் ராத்திரி நன்றாகக் குளிர்ந்துவிடும். நமக்கு மே மாதம் ராத்திரியிலும் 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம், கூடவே கடல் ஈரம். செடி புதிதாக எதையும் சேர்க்காது, இருப்பதைச் செலவழித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். வேரும் தண்ணீர் குடிக்காது. அந்த நேரம் பார்த்து 'ஐயோ, அக்னி நட்சத்திரமாச்சே' என்று நாம் தண்ணீர் ஊற்றுவோம். நிற்கிற ஈரத்தில் பூஞ்சை ஏறிவிடும்.

இலை சுருங்கி மெலிந்தால் தாகம். வீங்கி, மஞ்சளித்து, ஊடுருவித் தெரிந்தால் தண்ணீர் மிகுதி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். அந்த ரோஜா வடிவம்தான் வேண்டுமென்றால் கிராப்டோபெட்டலம் ஓரளவு தாக்குப்பிடிக்கும். எச்சிவேரியாவை மார்கழி விருந்தாளியாக நினைத்துத்தான் நான் வாங்குவேன்.

தண்டையார்பேட்டை: நம்ம ஏரியாக்காரன்தான் அக்கா. அப்போ எதைத்தான் வாங்குவது?

வா தம்பி. இரண்டு கூட்டமாகப் பிரித்துக்கொள். ஜன்னலோர வெளிச்சம் மட்டும் என்றால் ஹவோர்த்தியா, காஸ்டீரியா, பாம்புக் கற்றாழையின் குட்டை ரகம். ஹவோர்த்தியாவும் காஸ்டீரியாவும் தென்னாப்பிரிக்காவில் புதர் நிழலில், பாறை இடுக்கில் வளர்பவை. நேர் வெயிலில் வைத்தால் சிவந்துபோகும். மூன்றுமே மெதுவாக வளர்வதால் கிண்ணத்தின் வடிவமும் கலையாது.

தினம் நாலைந்து மணி நேரம் வெயில் வரும் இடமென்றால் குட்டைக் கிறிஸ்துமுள், சின்னக் கற்றாழைக் கலப்பினங்கள், போர்ட்டுலகேரியா. கடையில் ஜேட் என்று பெரும்பாலும் இந்தப் போர்ட்டுலகேரியாவைத்தான் கொடுக்கிறார்கள். சின்ன வட்ட இலை, செம்பழுப்புத் தண்டு. ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதே, நமக்கு இதுதான் நல்லது. தண்ணீர் இருக்கும்போது சாதாரணச் செடி போலப் பகலில் மூச்சு விட்டு, காய்ந்தால் மட்டும் ராத்திரி முறைக்கு மாறிக்கொள்ளும் சாமர்த்தியம் இதற்கு உண்டு. அதனால் நம் புழுக்கத்தைச் சட்டை செய்வதில்லை. நிஜ ஜேட் இங்கே மழைக்காலத்தில் இலை கொட்டும்.

இரண்டு கூட்டத்தையும் ஒரே கிண்ணத்தில் நடாதே. வெயிலில் வைத்தால் ஒன்று வாடும், நிழலில் வைத்தால் இன்னொன்று வெளிச்சம் போதாமல் நீளும்.

கொளத்தூர்: கிண்ணத்தின் அடியில் கூழாங்கல் பரப்பினால் தண்ணீர் வடிந்துவிடும்தானே? கல் எங்கே வாங்குவது?

எல்லோரும் சொல்கிற இந்த யோசனை பலனில்லாதது. நுண்ணிய மண்ணுக்குக் கீழே பெரிய கல் இருந்தால் தண்ணீர் சுலபமாகக் கல்லுக்குள் இறங்காது. மண் முழுக்க ஊறிய பிறகுதான் சொட்டும். கல் போட்ட அளவுக்கு ஈர மண்டலம் மேலே ஏறி வேருக்குக் கிட்டே வந்துவிடும். ஆழம் குறைந்த கிண்ணத்தில் இது இன்னும் மோசம். அடியில் ஓட்டையை மூட ஒரு துண்டுக் கொசுவலை, அதற்குமேல் நேராக மண்கலவை. வேறெதுவும் வேண்டாம்.

கலவையைத்தான் கல்லாக்க வேண்டும். ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு சலித்த மண்புழு உரம், மூன்று பங்கு சிப்ஸ் ஜல்லியும் செங்கல் சில்லும். செங்கல்லை உடைத்து மாவுச் சல்லடையில் சலித்து, கீழே விழும் தூளை எறிந்துவிட்டு, மேலே நிற்கும் பச்சைப்பயறு அளவுச் சில்லை எடுங்கள். அந்தத் தூள்தான் காற்று போகிற இடத்தையெல்லாம் அடைப்பது. எம்-சாண்ட் என்றாலும் இதே சலிப்பு. தேங்காய் நார்த்தூள் நம் ஈரத்துக்கு ஆகாது. கடற்கரை மணல் உப்பு, தொடவே வேண்டாம்.

கல்லுக்கு நீங்கள் ஊர் தாண்டவே வேண்டாமே! வண்ண மீன் கடைகள் இருக்கும் ஊரில் இருந்துகொண்டு என்னைக் கேட்கிறீர்கள். மீன் தொட்டிக்கு விற்கும் கருங்கல், லாவா கல், சிறு பரல் எல்லாம் மேசைத் தோட்டத்துக்கும் பொருந்தும். வெள்ளைக் கல் வாங்கினால் மட்டும் ஒன்றை எடுத்து அதன்மேல் இரண்டு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்புக் கல் அல்லது பவளத் துண்டு. காலப்போக்கில் மண்ணைக் காரமாக்கும், விட்டுவிடுங்கள்.

வண்ணாரப்பேட்டை: பாட்டியின் பீங்கான் கிண்ணம் ஒன்று இருக்கிறது. ஓட்டை இல்லை. அதிலேயே நடலாமா?

நேராக நட வேண்டாம்மா. டைல் துளைக்கும் பிட் ஒன்று, எட்டு மில்லிமீட்டர் அளவில் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். கிண்ணத்தைக் கவிழ்த்து, துளைக்கும் இடத்தில் டேப் ஒட்டி, தண்ணீர் விட்டுக்கொண்டே மெதுவாகத் துளைக்க வேண்டும். டிரில்லில் சுத்தியல் விசையை அணைத்து வைக்க மறக்கக் கூடாது.

ஆனால் பாட்டி கிண்ணம் என்கிறீர்கள். நானாக இருந்தால் டிரில்லைப் பக்கத்திலேயே விட மாட்டேன். செடிகளைச் சின்னப் பிளாஸ்டிக் தொட்டிகளிலேயே விட்டு, கிண்ணத்துக்குள் அடுக்கி, இடைவெளியைப் பரல் கல்லால் நிரப்புங்கள். தண்ணீர் ஊற்றும்போது தொட்டிகளை வெளியே எடுத்து ஊற்றி, வடிந்த பிறகு திரும்ப வைக்கலாம். ஒன்று போனாலும் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மூடி போட்ட கண்ணாடிக் குடுவையில் நடலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். கூடாது.

மாதவரம்: பன்னிரண்டு அங்குல மண் தட்டு வாங்கிவிட்டேன், செடியும் இருக்கிறது. அடுக்கினால் நர்சரியில் விற்பனைக்கு வைத்த மாதிரியே இருக்கிறது. எப்படி அழகாக்குவது?

முதலில் கல்லை வையுங்கள், செடியை இல்லை. உள்ளங்கை அளவுக் கல் ஒன்றை நடுவில் வைக்காமல் ஒரு பக்கமாக ஒதுக்கி, மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் புதையும்படி சாய்த்து நடுங்கள். மேலே சும்மா வைத்த கல் யாரோ மறந்து விட்டுப்போனது போலத் தெரியும், புதைத்த கல்தான் அங்கேயே கிடந்ததாகத் தெரியும். அடுத்து மண்ணைச் சமமாகப் பரப்பாமல் கல்லின் பக்கம் மேடாகக் குவியுங்கள். மேட்டில் தண்ணீர் நிற்காது, அதுவும் ஒரு லாபம்.

உயரமான காஸ்டீரியா கல்லுக்குப் பின்னால். ஹவோர்த்தியாவில் ஒரே ரகமாக மூன்றைக் கல்லின் காலடியில், ஒன்றையொன்று ஒட்டினாற்போல. அவ்வளவுதான். தட்டில் மூன்றில் ஒரு பங்கு வெறுமையாகவே இருக்கட்டும். ஐந்து ரகத்தில் ஒவ்வொன்று என்று நட்டால்தான் நீங்கள் சொல்கிற நர்சரித் தோற்றம் வருகிறது. மேலே பரப்பும் பரல், பெரிய கல்லின் நிறத்திலேயே இருக்க வேண்டும். அதே கல்லை உடைத்த சில்லு கிடைத்தால் இன்னும் நல்லது. நீலம், ரோஸ் சாயக் கற்களும் பிளாஸ்டிக் பாலமும் குட்டி புத்தரும் எனக்குப் பிடிக்காது. வீட்டில் பிள்ளைகள் ஆசைப்பட்டால் ஒரு பொம்மை வையுங்கள், ஒன்றே ஒன்று.

நடும்போது பழைய மண்ணை உதறி, வேரைப் பாருங்கள். கருத்துக் குழைந்ததை வெட்டி, நிழலில் இரண்டு நாள் காயவிட்டு, காய்ந்த கலவையில் நட்டு, ஒரு வாரம் கழித்துத்தான் முதல் தண்ணீர். நட்ட கையோடு ஊற்றுவது நம் வழக்கம். காயம்பட்ட வேரில் ஈரம் சேர்ந்தால் இதற்கு ஆகாது.

திருவொற்றியூர்: போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். மண் மேலே வெள்ளையாகப் படிகிறது. உரமா, பூஞ்சையா?

உப்பு. கடலோரத்து போர் தண்ணீர் வேறெப்படி இருக்கும்? குழாயில் மெட்ரோ தண்ணீர் வரும் நாளில் ஒரு கேன் பிடித்து வையுங்கள். நம் போர் தண்ணீருக்கு அது எவ்வளவோ மேல். மழைநீர், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் இரண்டும் நன்று. ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை மட்டும் விடாதீர்கள், உப்பெல்லாம் சேர்ந்து வருவதே அதில்தான். படிந்த வெள்ளையைச் சுரண்டி எடுத்துவிட்டு, நல்ல தண்ணீரை ஓட்டை வழியாகத் தாராளமாக ஓடும்படி ஒருமுறை ஊற்றுங்கள்.

அதே ஊர், இன்னொருவர்: வாரம் எத்தனை முறை தண்ணீர்?

கிழமை பார்த்து ஊற்றாதீர்கள். விளக்குமாற்று ஈர்க்குச்சி ஒன்றை அடிவரை குத்தி, கொஞ்ச நேரம் விட்டு உருவிப் பாருங்கள். குச்சி ஈரமாக, மண் ஒட்டி வந்தால் இன்னும் நாள் இருக்கிறது. காய்ந்து வந்தால் முழுக்க ஊற்றுங்கள். ஸ்பிரே பாட்டிலில் இலைமேல் அடிப்பது தண்ணீர் ஊற்றியதாகாது.

எண்ணூர்: இலைமேல் சாம்பல் தூசி படிகிறது, துடைக்கலாமா?

ஹவோர்த்தியா, காஸ்டீரியா என்றால் ஈரத் துணியால் துடைக்கலாம். கிராப்டோபெட்டலம் போல வெண்பூச்சு உள்ளவற்றை விரலால்கூடத் தொட வேண்டாம். அந்தப் பூச்சு செடியே தனக்குப் போட்டுக்கொண்ட வெயில் தடுப்பு, அழிந்த இடத்தில் திரும்ப வராது. காலையில் மெல்லிய தூறலாகத் தண்ணீர் விட்டு அலசி, ஃபேன் காற்றில் உலர்த்துங்கள்.

ராயபுரம்: வீட்டில் பூனையும் இரண்டு வயதுக் குழந்தையும் இருக்கிறார்கள். பயப்பட வேண்டுமா?

கிறிஸ்துமுள், திருகுக்கள்ளி போன்ற பால் வடியும் கள்ளி இனம் எதுவும் உங்கள் மேசைக்கு வேண்டாம். அந்தப் பால் கண்ணில் பட்டால் விபரீதம். வெட்டும்போது பெரியவர்களும் கையுறை போட வேண்டும். கலஞ்சோ, நிஜ ஜேட், பாம்புக் கற்றாழை பூனைக்கு ஆகாது. ஹவோர்த்தியா பூனை கடித்தாலும் விஷமில்லை. குழந்தைக்கு ஆபத்து செடியைவிட மேலே பரப்பிய கல்தான், வாயில் போட்டுக்கொள்ளும். ஒரு வருஷம் பொறுங்கள், அல்லது எட்டாத இடம் பாருங்கள்.

வியாசர்பாடி: பச்சைத் தண்டின் மேல் சிவப்பு உருண்டை கேக்டஸ். எத்தனை வருஷம் வரும்?

அது இரண்டு செடி. மேலே பச்சையமே இல்லாத ஜிம்னோகேலிசியம், கீழே டிராகன் பழக் கள்ளி. கீழே உள்ளதுதான் மேலே உள்ளதற்கும் சேர்த்துச் சோறு போடுகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் வளராது, சில வருஷத்தில் ஒட்டு விட்டுப்போகும். அழகுக்கு வாங்குங்கள், தப்பில்லை. கேக்டஸ் தலையில் பசை போட்டு ஒட்டிய காய்ந்த பூ, செடிமேல் அடித்த நியான் பெயின்ட், இவற்றுக்குத்தான் காசு கொடுக்க வேண்டாம்.

காசிமேடு: வெளிநாட்டுச் செடியாகவே சொல்கிறீர்களே அக்கா, நம்ம ஊர்ச் செடியில் மேசைத் தோட்டம் முடியாதா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கள்ளிமுளையான் தெரியுமா? கிராமத்தில் துவையல் அரைப்பார்கள். நாலு பட்டைத் தண்டு, இலை கிடையாது, ஆழமில்லாத தட்டில் சிற்பம் மாதிரி நிற்கும். சில வகைகளின் பூ ஈயை வரவழைக்க அழுகல் வாடை விடும், பூக்கும் சில நாள் மட்டும் பால்கனிக்கு அனுப்பிவிடுங்கள். பிரண்டையின் இரண்டு கணுவைக் கருங்கல் மேல் சாய்த்து நட்டுப் பாருங்கள், நீளும்போதெல்லாம் கிள்ளினால் அடக்கமாக இருக்கும், கிள்ளியது துவையலுக்கு. உங்கள் கடற்கரையிலேயே தரையோடு படர்ந்து ஊதாநிறத்தில் சின்னப் பூ பூக்கும் வங்கராவாசியும் சதைப்பற்றுச் செடிதான். உப்புக் காற்று அதற்குப் பழக்கம், வெயில் மட்டும் நிறைய வேண்டும். கடல் பார்த்த பால்கனிக்கு இதைவிடத் தோதான செடி எனக்குத் தெரியவில்லை.

கொருக்குப்பேட்டை: மழைக்காலத்தில் என்ன செய்ய? 2023 மிக்ஜாம் மழையில் எல்லாம் போய்விட்டது.

ஐப்பசி பிறக்கும்போதே கிண்ணத்தைக் கூரைக்குக் கீழே கொண்டுவந்துவிடுங்கள். அடைமழை நாட்களில் தண்ணீரே வேண்டாம், காற்றின் ஈரம் போதும். ஒரு மாதம் ஊற்றாவிட்டாலும் சாகாது. தினம் கொஞ்ச நேரம் ஃபேன் காற்று படும்படி வையுங்கள். உரம் தை பிறந்த பிறகு.

பாரிமுனை: ஆபீஸ் மேசையில் ஜன்னலே கிடையாது.

செடி நீண்டு வெளிறிப்போகும். செடிக்கு ஒரு சாண் மேலே வெள்ளை எல்.இ.டி. விளக்கைப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எரியவிட முடிந்தால் ஹவோர்த்தியா வையுங்கள். முடியாவிட்டால் வீட்டில் ஒரு கிண்ணம், ஆபீசில் ஒரு கிண்ணம் என்று வாரம் மாற்றி வாரம் மாற்றுங்கள்.

மூலக்கடை: இலை இடுக்கில் வெள்ளைப் பஞ்சு.

மாவுப்பூச்சி. காது குடையும் பஞ்சை ஸ்பிரிட்டில் தோய்த்து ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்கள், வாரம் ஒருமுறை, ஒழியும்வரை. அந்தச் செடியை மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். வேரிலும் இருக்கும், பிடுங்கிப் பார்த்துவிடுங்கள்.

புழல்: தை மாதம் தங்கை கல்யாணம். தாம்பூலப் பையில் குட்டிச் செடி வைத்துக் கொடுக்க ஆசை. நூற்றைம்பது வேண்டும், நாமே வளர்க்க முடியுமா அக்கா?

தாராளமாக. போர்ட்டுலகேரியாதான் இதற்குச் சரி. ஆடியில் விரல் நீளத்துக்குக் குச்சிகளை வெட்டி, அடி இலைகளை உருவி, நாலு நாள் நிழலில் காயவைத்து நடுங்கள். மழைக்கு முன் வேர் பிடித்துவிடும். இருபது முப்பது கூடுதலாகவே போடுங்கள், சேதாரம் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் எல்லாவற்றையும் தாழ்வாரத்துக்குள் ஒதுக்குங்கள். முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்பிலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஈர மண் சிந்தினால் வெற்றிலை பாக்கு, தேங்காய் எல்லாம் சேறாகிவிடும். மண்மேல் ஒரு கைப்பிடி பரல் அழுத்தி, தொட்டியைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் நிமிர்ந்தபடி வையுங்கள். 'வெயிலில் வைக்கவும், காய்ந்தால் மட்டும் தண்ணீர்' என்று சின்னச் சீட்டு ஒன்றும் போடுங்கள். வாங்கிப்போகிறவர்களில் பாதிப் பேர் அதை டி.வி. மேசை இருட்டில் வைத்துத் தினமும் ஊற்றுவார்கள்.