யேமல் அமைவுக் கோப்புகளும் பைத்தானும்: கேள்வி பதில்

கேள்வி: பழைய பைத்தான் நிரல் ஒன்றைப் புதிய கணினிக்கு மாற்றினேன். யேமல் (YAML, நிரலின் அமைவுகளை எளிய உரையாக எழுதும் வடிவம்) கோப்பைப் படிக்கும் ‘லோட்’ வரியில், லோடர் தரப்படவில்லை என்று பிழை காட்டி நின்றுவிடுகிறது. முன்பு இதே வரி ஒழுங்காக ஓடியதே?

பதில்: பைத்தானில் யேமலைப் படிக்கவும் எழுதவும் உதவும் பையேமல் (PyYAML) நிரலகத்தின் 6.0 பதிப்பு 2021இல் வெளிவந்தது. அதிலிருந்து, எந்த லோடரை (கோப்பிலுள்ளதைப் பைத்தான் மதிப்புகளாக மாற்றும் பகுதியை) கொண்டு படிப்பது என்பதை நிரலாளரே குறிப்பிட்டாக வேண்டும், 5.1 பதிப்பு வெறும் எச்சரிக்கையோடு விட்டுவந்ததை இது பிழையாகவே ஆக்கிவிட்டது. ‘லோட்’ என்பதை ‘சேஃப்_லோட்’ என்று மாற்றினால் உங்கள் நிரல் ஓடும். யேமல் கோப்பில் வியப்புக்குறியோடு தொடங்கும் குறிச்சொற்களை எழுதிப் பைத்தான் பொருள்களையே உருவாக்கச் சொல்லலாம் என்பதும், பழைய ‘லோட்’ அதற்குக் கீழ்ப்படிந்து இயங்குதளக் கட்டளையைக்கூட இயக்கிவிடும் என்பதும்தான் இந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணம். பிழை மறைந்தால் போதுமென்று ‘அன்சேஃப்_லோட்’ பக்கம் போய்விடாதீர்கள்; அமைவுக் கோப்புக்கு அது எப்போதும் தேவைப்படாது.

கேள்வி: நாடுகளின் ஈரெழுத்துக் குறியீடுகளைப் பட்டியலாக எழுதியிருக்கிறேன். இந்தியாவும் இலங்கையும் சரியாக வருகின்றன. நார்வே மட்டும் ‘ஃபால்ஸ்’ என்று வருகிறது. நிரலகத்தில் பிழையா?

பதில்: பிழையன்று, விதிப்படியே நடக்கிறது. பையேமல் பின்பற்றுவது யேமல் 1.1 விதிகளை. அவற்றின்படி மேற்கோள் குறியில்லாத ‘யெஸ்’, ‘நோ’, ‘ஆன்’, ‘ஆஃப்’ ஆகிய நான்கும் பூலியன் மதிப்புகள் (‘ட்ரூ’ அல்லது ‘ஃபால்ஸ்’). நார்வேயின் குறியீடோ ‘நோ’ (NO) என்ற அந்தச் சொல்லின் அதே இரண்டு எழுத்துகள். 2009இல் வந்த 1.2 விதிகள் இதைக் கைவிட்டு ‘ட்ரூ’, ‘ஃபால்ஸ்’ இரண்டை மட்டும் வைத்துக்கொண்டன என்றாலும், பையேமல் இன்றும் பழைய விதிகளிலேயே நிற்கிறது.

மேற்கோள் குறியில்லாத மதிப்பு எந்த வகை என்று நிரலகம் தானே ஊகிக்கும் இந்த வேலை எண்களிலும் நடக்கிறது. பைத்தான் பதிப்பை 3.10 என்று எழுதினால் அது தசம எண்ணாகி 3.1 என்று வரும், 3.10.2 என்று எழுதினால் இரண்டு புள்ளிகள் இருப்பதால் சரமாகவே (எழுத்துத் தொடராகவே) நிற்கும். 22:22 என்ற போர்ட் இணைப்பு அறுபதடிமான எண்ணாகக் கொள்ளப்பட்டு 1342 (22 × 60 + 22) ஆகும். சுழியில் தொடங்கும் 0123 எட்டடிமான எண்ணாகி 83 ஆகும். தொலைபேசி எண்களில் இது இன்னும் தந்திரமானது: 044இல் தொடங்கும் ஒரு சென்னை எண்ணில் 8 அல்லது 9 ஓரிடத்தில் வந்தாலும் அது சரமாகத் தப்பித்துவிடும், வராவிட்டால் வேறோர் எண்ணாக மாறிவிடும், ஆகவே பத்து வாடிக்கையாளர்களைக் கொண்டு சோதித்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று நம்பிவிட முடியாது. கூட்டிக் கழிக்கப் பயன்படாத எந்த மதிப்பையும் மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். நிரலகம் தானே எழுதும்போது இந்தக் குறிகளைத் தவறாமல் இட்டுவிடுகிறது. சிக்கல் வருவது கையால் எழுதும் கோப்புகளில்தான்.

கேள்வி: தமிழ்ப் பெயர்களைச் ‘சேஃப்_டம்ப்’ கொண்டு எழுதினால் கோப்பு முழுவதும் சாய்கோடுகளும் எண்களுமாக இருக்கிறது. தரவு கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை, திரும்பப் படித்தால் அதே தமிழ் கிடைக்கும். மனிதர் படிக்கும்படி வேண்டுமானால் ‘அலவ்_யூனிகோட்’ என்ற அளவுருவுக்கு ‘ட்ரூ’ கொடுத்து, கோப்பையும் யூடிஎஃப்-8 குறியாக்கம் என்று குறிப்பிட்டே திறவுங்கள். படிக்கும்போது கோப்பை பைட் முறையில் திறந்து கொடுத்துவிட்டால் குறியாக்கத்தை நிரலகமே பார்த்துக்கொள்ளும்; விண்டோஸில் தமிழ் எழுத்துகள் சிதையும் தொல்லை இதனாலேயே பெரும்பாலும் தீரும்.

கேள்வி: ஒரே ஒரு மதிப்பை மாற்றிச் சேமித்தேன். நான் எழுதிவைத்த குறிப்புரைகள் எல்லாம் மறைந்து, வரிசையும் மாறிவிட்டது.

பதில்: பையேமல் உங்களுக்குத் தருவது டிக்ஷனரிகளும் பட்டியல்களும் மட்டுமே. குறிப்புரைகள் படிக்கும்போதே உதிர்ந்துவிடுகின்றன. எழுதும்போது அவற்றை எங்கிருந்தும் எடுக்க முடியாது. வரிசையை மட்டும் காக்க ‘சார்ட்_கீஸ்’ என்பதற்கு ‘ஃபால்ஸ்’ கொடுக்கலாம். மனிதரும் நிரலும் மாறிமாறித் தொடும் கோப்பென்றால் ‘ருவாமெல் யேமல்’ நிரலகத்துக்கு மாறிவிடுவதே நல்லது; அது குறிப்புரைகளையும் வரிசையையும் காக்கிறது, 1.2 விதிகளைப் பின்பற்றுவதால் நார்வேயும் தப்பிக்கிறது. ஒரே திறவுச்சொல் இருமுறை வந்தால் பையேமல் சத்தமில்லாமல் பின்னதை எடுத்துக்கொள்ளும். ருவாமெல் யேமலோ பிழை காட்டும்.

கேள்வி: உள்தள்ளலுக்கு டேப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. யேமல் விதிகளே அதைத் தடுக்கின்றன.

கேள்வி: புதிய திட்டம் தொடங்குகிறேன். யேமலா, டாமலா (TOML, இன்னோர் அமைவுக் கோப்பு வடிவம்)?

பதில்: அமைவுகள் இரண்டு மூன்று அடுக்குகளுக்குள் அடங்குமானால் டாமல் என்பேன். அதில் சரங்களுக்கு மேற்கோள் குறி கட்டாயம் என்பதால் மேலே சொன்ன ஊகங்களுக்கு இடமேயில்லை, அதைப் படிக்கும் ‘டாமல்லிப்’ நிரலகம் 3.11 பதிப்பிலிருந்து பைத்தானுடனேயே வருகிறது. ஆனால் அது படிக்க மட்டுமே செய்யும். எழுதுவதற்கு ‘டாமலி-டபிள்யூ’ போன்ற வேறொன்றை நிறுவ வேண்டும். அடுக்குகள் ஆழமாகப் போனால் டாமலின் தலைப்புகள் நீண்டு கண்ணை உறுத்தும். அப்போது யேமலை, மேற்கோள் குறிகளோடு, எடுத்துக்கொள்ளுங்கள்.