நட்சத்திரத்தை வாங்குவதா, இளைஞர்களை வளர்ப்பதா?

கேள்வி: நான் பல வருடமாக ஆதரிக்கும் என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) அணி ஒவ்வொரு சீசனிலும் 82இல் நாற்பது ஆட்டம் போல ஜெயிக்கிறது, பிளேஆஃப் முதல் சுற்றில் வெளியேறிவிடுகிறது. டிராஃப்ட் பிக்குகளை (புது இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை; அதிகம் தோற்ற அணிகளுக்கு முன்னுரிமை) கொடுத்து ஒரு பெரிய நட்சத்திரத்தை வாங்க வேண்டும் என்கிறார்கள் நண்பர்கள். எல்லாரையும் விற்றுவிட்டு முதலிலிருந்து கட்டலாம் என்பது என் எண்ணம். எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: முதலில் உங்கள் அணியின் தலைசிறந்த வீரர் யார், அவருக்கு என்ன வயது என்று பாருங்கள். கூடைப்பந்தில் களத்தில் ஐந்தே பேர். ஒரே ஆள் ஆட்டத்தின் முக்கால்வாசி நேரம் நிற்கலாம். அதனால் லீக்கின் முதல் பத்துப் பேரில் ஒருவராவது இல்லாமல் கோப்பையை எடுப்பது அபூர்வம். விதிவிலக்காக எல்லாரும் 2004 டெட்ராய்ட் பிஸ்டன்ஸைத்தான் காட்டுவார்கள். அப்படிப்பட்ட வீரர் இல்லாத அணி ஒரு நட்சத்திரத்தை வாங்கினால் 40 வெற்றி 45 ஆகும், அவ்வளவுதான்.

அடுத்ததைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. எத்தனை பிக் கொடுக்கிறோம் என்பதைவிட, அவை எந்த வருடத்துப் பிக் என்பதுதான் முக்கியம். 2013இல் புரூக்ளின் நெட்ஸ், பாஸ்டன் செல்டிக்ஸிடமிருந்து 37 வயது கெவின் கார்னெட்டையும் 35 வயது பால் பியர்ஸையும் வாங்கியது. விலை: 2014, 2016, 2018 முதல் சுற்றுப் பிக்குகள். 2017க்கு, இரண்டு அணிகளின் பிக்கில் நல்லதை பாஸ்டன் எடுத்துக்கொள்ளும் உரிமை. அடுத்தடுத்த வருடங்களின் முதல் சுற்றுப் பிக்கை விற்க விதி இடம் கொடுக்காது; அதனால்தான் ஒன்றுவிட்டு ஒரு வருடம். நெட்ஸ் முதல் சீசனில் 44 வெற்றியுடன் பிளேஆஃப் இரண்டாம் சுற்றில் தோற்றது. பியர்ஸ் அடுத்த கோடையிலும், கார்னெட் 2015 பிப்ரவரியிலும் போய்விட்டார்கள். பிக்குகளின் தவணை வந்தபோது அணி 21 வெற்றி, 20 வெற்றி என்று அடிமட்டத்தில் கிடந்தது. 2016 பிக்கில் பாஸ்டன் ஜேலன் பிரவுனை எடுத்தது. ஒப்புக்குச் சேர்த்ததுபோல் தெரிந்த அந்த 2017 உரிமை, டிராஃப்டின் முதல் இடமாகவே விழுந்தது. அதை பாஸ்டன் ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்து மூன்றாம் இடத்தையும் இன்னொரு பிக்கையும் வாங்கி, ஜேசன் டேட்டமை எடுத்தது. 2024இல் பாஸ்டன் கோப்பை வென்றது இந்த இருவரை வைத்துத்தான்.

அப்படியானால் இன்றைய வெற்றிக்காகச் செலவு செய்வதே தப்பா? இல்லை. 2018இல் டொராண்டோ ராப்டர்ஸ் டெமார் டிரோசனைக் கொடுத்து கவாய் லெனர்டை வாங்கியது. ஒரே வருடத்தில் அவர் போய்விடலாம் என்று எல்லாருக்கும் தெரியும், போகவும் செய்தார். ஆனால் அதற்குள் 2019 கோப்பை வந்துவிட்டது. முந்தைய சீசனிலேயே 59 ஆட்டம் ஜெயித்த அணி அது. கொடுத்த முதல் சுற்றுப் பிக் ஒன்றே ஒன்று. அதுவும் அணி உச்சத்தில் இருந்த அதே வருடத்துடையது என்பதால் 29ஆம் இடத்தில்தான் விழுந்தது. பாஸ்கல் சியாகம் போன்ற இளைஞர்களையும் விடவில்லை.

சரி, உங்கள் வழி. முதலிலிருந்து கட்டுவது என்றால் வேண்டுமென்றே தோற்பது என்று பலர் நினைக்கிறார்கள். காசு கொடுத்து அரங்கத்துக்கு வரும் ரசிகனுக்குத் திட்டமிட்ட தோல்வியைக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அதில் பலனும் குறைந்துவிட்டது. முதல் பிக் யாருக்கு என்பது குலுக்கலில் முடிவாகும். முன்பெல்லாம் கடைசி அணிக்கு அது கிடைக்க 25 சதவீத வாய்ப்பு இருந்தது. 2019இல் அதைக் குறைத்து, கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 14 சதவீதம் ஆக்கினார்கள். டெட்ராய்ட் 2023, 2024 இரண்டு வருடமும் கடைசியாக வந்தும் ஐந்தாம் பிக்தான் கிடைத்தது. அதற்கு முந்தைய விதியிலேயே தோற்று 2014இல் ஜோயல் எம்பீட்டைப் பெற்ற ஃபிலடெல்ஃபியா, பிறகு 10 வெற்றி, 72 தோல்வி வரை இறங்கியது. எம்பீட் எம்விபி (சீசனின் சிறந்த வீரர்) ஆன 2023இலும் அணி இரண்டாம் சுற்றில்தான் வெளியேறியது.

ஓக்லஹோமா சிட்டி செய்தது வேறு. 2019இல் பால் ஜார்ஜ் உச்ச விலையில் இருந்தபோதே அவரை கிளிப்பர்ஸ் அணிக்கு விற்று, இளம் வீரர் ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டரையும் ஐந்து முதல் சுற்றுப் பிக்குகளையும் வாங்கியது. ஜேலன் வில்லியம்ஸ் அந்தப் பிக்குகளில் ஒன்றில் வந்தவர், 12ஆம் இடத்தில். நடுவில் 22, 24 வெற்றி என்று இரண்டு மோசமான சீசன்கள், 2025இல் கோப்பை.

அதனால் உங்கள் அணிக்கு என் பதில் இது. தலைசிறந்த வீரர் முப்பதை நெருங்குகிறார், லீக்கின் முதல் பத்தில் இல்லை என்றால், ஒப்பந்தத்தில் இரண்டு வருடமாவது மீதி இருக்கும்போதே விற்கட்டும். பதிலுக்கு வயதாகிவரும் அணிகளின் பல வருடம் தள்ளியிருக்கும் பிக்குகளைக் கேட்கட்டும். 23, 24 வயதில் வேகமாக முன்னேறும் ஒருவர் இருந்தால் எதையும் கலைக்க வேண்டாம், இரண்டு சீசன் பொறுக்கலாம். அவர் முதல் பத்துக்குள் வந்த பிறகு நண்பர்கள் சொல்வதுபோல் வாங்கலாம். அப்போதும் நான்கு, ஐந்து வருடம் தள்ளியிருக்கும் பிக்கைக் கொடுக்காமல், அடுத்த ஓரிரு வருடப் பிக்கையே கொடுக்கப் பார்க்க வேண்டும்.