டேங்கில் 200 பார் நிரப்பினார்கள், வீட்டில் 185 காட்டுகிறதே?

கேள்வி: ஸ்கூபா டைவிங் கற்றுக்கொண்ட பிறகு சொந்தமாக 80 கன அடி அலுமினிய டேங்க் ஒன்று வாங்கினேன். டைவ் சென்டரில் நிரப்பும்போது காற்றழுத்தம் 200 பார் காட்டியது. இரவு வீட்டில் பார்த்தால் 185தான். ஏமாற்றிவிட்டார்களா? தொழிற்பேட்டையில் டீசல் கம்ப்ரசர் வைத்திருக்கும் ஒரு பட்டறையில் பாதி விலைக்கு நிரப்பித் தருகிறேன் என்கிறார்கள். அங்கே போகலாமா?
– ஒரு வாசகர், புதுச்சேரி

பதில்: காற்றை அழுத்தி அடைக்கும்போது டேங்க் சூடாகும், ஆறும்போது அழுத்தம் இறங்கும். 50 டிகிரியில் 200 பார் காட்டுகிற டேங்க், 30 டிகிரிக்கு ஆறினால் 188 பார் அளவில் நிற்கும். உங்களுடையது இன்னும் கொஞ்சம் சூடாகியிருக்கிறது, அதாவது அவசரமாக நிரப்பியிருக்கிறார்கள். மறுநாளும் 185 என்றே இருந்தால் கவலை இல்லை. மேலும் இறங்கினால் வால்வில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு.

நிமிடத்துக்கு 20 முதல் 40 பார் வரை ஏறுகிற வேகம் நல்லது. காலி டேங்குக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும். அப்புறம் ஆறவிட்டு, குறைந்ததை நிரப்பித் தரச் சொல்லுங்கள், நல்ல சென்டர்கள் முகம் சுளிக்காமல் செய்வார்கள். “ஆறினால் இறங்கிவிடும்” என்று டேங்கின் தோளில் பொறித்த அழுத்தத்துக்கு மேல் ஏற்ற ஒத்துக்கொள்ளாதீர்கள். இந்த வகை டேங்கில் அது பெரும்பாலும் 207 பார்.

சரி, பட்டறை. தயவுசெய்து போகாதீர்கள். 15 பார் குறைந்தால் டைவ் கொஞ்சம் சீக்கிரம் முடியும், அவ்வளவுதான். கெட்ட காற்று உயிரையே எடுக்கும். டீசல் புகை கம்ப்ரசரின் காற்று இழுக்கும் குழாய்க்குள் போனால் கார்பன் மோனாக்சைடும் டேங்கில் ஏறிவிடும். அதற்கு வாசனையே கிடையாது. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல நான்கு மடங்கு, ஆகவே அந்த விஷமும் நான்கு மடங்கு வீரியத்தோடு உடலில் வேலை செய்யும். சுவாசக் காற்றுக்கான ஐரோப்பியத் தரம் ஈஎன் 12021 கார்பன் மோனாக்சைடுக்கு 5 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 5 பங்கு) வரைதான் இடம் கொடுக்கிறது. கம்ப்ரசர் அளவுக்கு மீறிச் சூடானால் அதன் எண்ணெயே கருகி இதே வாயுவை உண்டாக்கும், எனவே கரண்டில் ஓடும் கம்ப்ரசர் என்பதற்காக மட்டும் நம்பிவிட வேண்டாம்.

எங்கே நிரப்பினாலும் கேட்க வேண்டியது இரண்டு: ஃபில்டரை எப்போது மாற்றினீர்கள், காற்றைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள்? நம் கடலோர வெக்கையிலும் ஈரத்திலும் ஃபில்டர் சீக்கிரமே நீர் கோத்துவிடும். எத்தனை மணிநேரத்துக்கு ஒருமுறை அதை மாற்றுவது என்று குளிர்நாட்டுக் கணக்கில் எழுதியதை நம்பி ஓட்டினால் எண்ணெயும் ஈரமும் தாண்டி வந்துவிடும். பதிவேட்டையும் சோதனை அறிக்கையையும் காட்டுகிற இடத்துக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம். வாங்கியதும் வால்வைச் சற்றுத் திறந்து முகர்ந்து பாருங்கள். எண்ணெய் வாடையோ பழைய நெடியோ அடித்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் டேங்கின் தோளில் உள்ள நீரழுத்தச் சோதனை (டேங்க் அழுத்தத்தைத் தாங்குமா என்று பார்ப்பது) தேதியைப் பார்க்காமலே குழாயை மாட்டுகிறவரிடமும் நிரப்ப வேண்டாம். டைவ் முடிந்ததும் டேங்கை அடியோடு காலி செய்யாமல் 30 பார் அளவு விட்டுவையுங்கள், ஈரம் உள்ளே போகாது.