சோடியம் குறைந்த உப்பை அம்மாவுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். கடையில் ‘சோடியம் குறைந்த உப்பு’ வாங்கினேன். பாக்கெட்டில் பொட்டாசியம் குளோரைடு கலந்தது என்று போட்டிருக்கிறது. பார்க்கவும் ருசிக்கவும் உப்பு மாதிரியே இருக்கிறதே, எப்படி? சமையலில் சேர்க்கலாமா?

பதில்: அம்மாவின் சிறுநீரகம் எப்படி இருக்கிறது, எந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெரியாமல் சேர்க்காதீர்கள். ஏன் என்பதற்கு விடை அணுவுக்குள் இருக்கிறது.

சோடியம் அணுவில் 11 எலக்ட்ரான்கள், கூடு கூடாக 2, 8, 1 என்று இருக்கின்றன. பொட்டாசியத்தில் 19, அவை 2, 8, 8, 1. இரண்டுக்கும் வெளிக்கூட்டில் ஒரே ஓர் எலக்ட்ரான்தான். வேதிவினையில் ஈடுபடுவது அதுதான். குளோரினுக்கு வெளிக்கூடு நிரம்ப ஒன்று குறைகிறது. சோடியமோ பொட்டாசியமோ, அந்த ஒன்றைக் கொடுத்துவிட்டு நேர்மின் அயனியாகிவிடும், அதாவது மின்னூட்டம் உள்ள அணுவாகிவிடும். அதனால்தான் இரண்டு உப்பும் வெள்ளைப் படிகம், தண்ணீரில் கரையும், கரிக்கும். பொட்டாசியம் உப்பில் மட்டும் லேசான கசப்பு தெரியும்.

ஆனால் பொட்டாசியத்துக்கு ஒரு கூடு அதிகம். அதன் அயனியின் ஆரம் 138 பிக்கோமீட்டர், சோடியத்துக்கு 102. நம் உடல் இந்த வித்தியாசத்தைத் துல்லியமாகக் கண்டுகொள்கிறது. செல் சவ்வில் பொட்டாசியத்துக்கென்றே புரதக் குழாய்கள் உண்டு. அயனிகள் நீர் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொண்டுதான் திரியும். குழாயின் குறுகிய பகுதிக்குள் நுழைய அந்த நீரைக் கழற்ற வேண்டும். அங்கே இருக்கும் ஆக்சிஜன் அணுக்கள் பொட்டாசியத்தின் அளவுக்குக் கச்சிதமாக அமைந்து, கழன்ற நீரின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. சோடியம் சின்னது என்பதால் அத்தனை ஆக்சிஜனோடும் ஒட்ட முடியாது. நீரையும் இறுக்கமாகப் பிடித்திருக்கும். எனவே பெரியது புகுந்துவிடும், சிறியது வெளியே நின்றுவிடும். வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 1998-இல் இந்தக் குழாயின் அமைப்பை எக்ஸ் கதிர் மூலம் காட்டிய ராடெரிக் மெக்கின்னனுக்கு 2003-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இதயச் செல்களும் இந்தக் குழாய்களை நம்பியிருப்பதால், துடிப்பு சீராக இருக்க ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்குச் சுமார் 3.5 முதல் 5 மில்லிமோலுக்குள் இருக்க வேண்டும். மிஞ்சுவதைச் சிறுநீரகம் வெளியேற்றும். அது பழுதுபட்டிருந்தால் பொட்டாசியம் ஏறி, துடிப்பே தடுமாறலாம். டெல்மிசார்டான், ராமிப்ரில், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2025-இல் இவ்வகை உப்பைப் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்தது. சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகளுக்கு அது பொருந்தாது. கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கழிவுப்பொருள்), பொட்டாசியம் இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்து, பாக்கெட்டையும் மாத்திரைச் சீட்டையும் டாக்டரிடம் காட்டுங்கள். அவர் சரி என்றால் அந்த உப்பைச் சமையலில் சேர்க்கலாம்.

அதுவரை இந்துப்புக்கு மாறலாமே என்று யாராவது சொல்வார்கள். அதுவும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். இருக்கிற உப்பையே குறைத்துப் போடுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாட்டைத் தள்ளிவையுங்கள்.