கார்த்திகையில் கதிர் தள்ளிய கார் நெல்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

பாரம்பரிய நெல் ஆசையில் ஒரு பழைய சம்பா ரகத்தை இந்தக் கார்ப் பருவத்துக்கு அரை ஏக்கரில் நட்டேன். பக்கத்து வயலில் குறுகிய கால நெல்லான அம்பை 16 புரட்டாசியிலேயே அறுத்தாயிற்று. என் பயிர் இடுப்புக்கு மேல் வளர்ந்து சாய்ந்ததே தவிர, கதிர் தள்ளியது இப்போது கார்த்திகையில்தான். விதை கெட்டதா, யூரியா கூடிப்போனதா? அம்பை 16-இல் மரபணுவை மாற்றியிருக்கிறார்கள், அதுதான் சீக்கிரம் பூக்கிறது என்கிறார் ஊரில் ஒருவர். உண்மையா?

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

விதையில் குறையில்லை. கார் முடிந்து வருகிற பிசானப் பருவத்து நெல்லைக் காரில் நட்டீர்கள். அது பிசானம் வரட்டும் என்று இருந்துவிட்டது.

தூருக்குள் இருக்கிற குருத்து முனைதான் இலையையும் விடுகிறது, கதிரையும் உண்டாக்குகிறது. ஆனால் எப்போது கதிருக்கு மாறுவது என்பதை இலைதான் அதற்குச் சொல்ல வேண்டும். இலையிலிருந்து ஏதோ ஒன்று முனைக்குப் போகிறது என்று சோவியத் தாவரவியலாளர் சாயிலாக்யான் கணித்து, 1937-இல் அதற்கு ஃப்ளோரிஜென் என்று பெயரும் வைத்தார். ஆளைப் பிடிக்க எழுபது வருஷம் ஆயிற்று. நெல்லில் அது ஹெச்டி3ஏ என்கிற புரதம் என்று 2007-இல் ஜப்பானியர்கள் காட்டினார்கள். இலையில் உண்டாகி, சர்க்கரை போகிற குழாய் வழியாகவே குருத்துக்குப் போய்ச் சேர்கிறது. அது சேர்ந்ததும் முனை புது இலை உண்டாக்குவதை நிறுத்திக் கதிருக்குத் திரும்புகிறது. நாம் கண்ணாடி இலை என்கிறோமே, அதுதான் முனை கடைசியாக விட்ட இலை.

இந்தப் புரதத்துக்குக் காவல் நிற்பது ஹெச்டி1 என்ற மரபணு. பகல் குறுகினால் பூக்கத் தூண்டும், நீண்டால் அதே மரபணு தடுக்கும். நம் ஊரில் ஆனிப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். சம்பாவுக்கு அதுவே தாராளம். காரில் பகல் நீளம், அதனால்தான் உங்கள் பயிர் பகல் குறுகும் வரை காத்திருந்தது. வருஷம் முழுக்கப் பகல் கால் மணி நேரம்கூட மாறாத மலாக்காவிலேயே அதைக் கண்டுகொண்டு பூத்த நெல் ரகம் உண்டு.

அம்பை 16 விஷயத்தில் உங்கள் ஊர்க்காரர் சொல்வது தவறு. ஏடிடி 31, கோ 39 என்ற இரண்டு நெல் ரகங்களைக் கலப்புச் செய்து 1986-இல் வெளியிட்ட ரகம் அது. ஆய்வகத்தில் எதையும் செருகவில்லை. பகல் நீளத்தைச் சட்டை செய்யாத குணம் நெல்லில் இயற்கையாகவே தோன்றுவது. ஹெச்டி1 பழுதான நெல்களை உழவர்கள் பல நாடுகளில் தெரிந்தோ தெரியாமலோ பொறுக்கி வைத்திருக்கிறார்கள். குறுகிய கால நெல் 110, 115 நாளில் தலைசாய்வதால்தான் கார் முடித்துப் பிசானமும் வைக்க முடிகிறது. பாரம்பரியம் பேசுகிறவர்கள் அதை இளக்காரமாகப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. பழைய விதை கொடுக்கிறவர் அதை விதைக்க வேண்டிய பட்டத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். மருந்துக் குணம் மட்டும் சொல்லிக் கொடுத்திருப்பார்.

சாய்ந்ததற்கு யூரியாவும் ஒரு காரணம்தான், நெட்டை ரகம் தாங்காது. இப்போது வருகிற கதிரை விதைக்கு எடுத்து வையுங்கள், ஆவணிக் கடைசியில் நாற்றுப் பாவுங்கள்.