பேருந்தில் சிறுகதை, இரவில் நாவல்

வாசிப்பு, வீடு, எழுத்து பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பாளையங்கோட்டையில் வசிக்கும் சிறுகதை எழுத்தாளரின் பதில்கள்.

காலையில் சமையல், அப்புறம் வங்கி வேலை, மாலையில் பிள்ளைகளின் வீட்டுப்பாடம். கல்லூரியில் படிக்கும்போது கையில் கிடைத்ததையெல்லாம் படித்தவள், இப்போது ஒரு வார இதழைக்கூட முழுசாகப் புரட்ட முடிவதில்லை. நீங்களும் வேலைக்குப் போகிறவர்தானே, எப்போது படிக்கிறீர்கள்?
– வாசகி, தென்காசி

கிடைக்கிற நேரத்தில்தான் படிக்கிறேன். ‘தினமும் படிக்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்’ என்று யாராவது மேடையில் சொன்னால் எனக்குக் கோபம் வரும். குழாயில் தண்ணீர் நிற்பதற்குள் குடங்களை நிறைத்து, மதியத்துக்கும் சேர்த்துச் சமைத்து, டப்பாக்களைக் கட்டிக்கொடுத்துவிட்டு ஓடுகிற பெண்ணுக்கு அந்த ஒரு மணி நேரத்தை யார் தருவார்கள்? அதனால் நேரத்தைத் தேடுவதை விட்டுவிட்டுப் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோக ஆரம்பித்தேன். பாளையங்கோட்டையிலிருந்து ஜங்ஷன் போய்ச் சேருவதற்குள் ஒரு சிறுகதை முடிந்துவிடும். ரேஷன் கடை வரிசை, ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கிவிட்டு உட்காருகிற பெஞ்சு, மகளை டியூஷனில் விட்டுவிட்டுக் காத்திருக்கிற வாசல் என்று எல்லா இடத்திலும் படிக்கிறேன். அடுப்படியில் கவிதை நன்றாக ஒத்துவரும், ஒன்றைப் படித்துவிட்டுக் குழம்பு கொதிக்கிறவரை அதையே மனசுக்குள் சொல்லிக்கொண்டிருக்கலாம். நாவல் மட்டும் இரவுக்கு. அதைத் துண்டு துண்டாகப் படித்தால் யார் யாருக்கு என்ன உறவு என்பதே மறந்துபோகும், எனவே ஒரு நாவலை எடுத்தால் முடிக்கிற வரைக்கும் வேறு நாவலைத் தொடுவதில்லை.

இப்படி வேலைக்கு நடுவில் படித்தவைதான் எனக்குள் ஆழமாகத் தங்கியிருக்கின்றன. தி. ஜானகிராமனின் ‘சிலிர்ப்பு’ ஒரு ரயில் பயணக் கதை. வீட்டு வேலைக்காகக் கல்கத்தாவுக்கு அழைத்துப் போகப்படும் ஒரு சிறுமிக்கு, அப்பாவோடு வருகிற சின்னப் பையன் தன் ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்துவிடுவான். அதை நான் நெரிசலான பேருந்தில், யாரோ ஒருவருடைய தூங்கும் குழந்தையின் கால் என் மடியில் கிடக்கப் படித்தேன். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து படித்திருந்தால் அந்தப் பழம் என்னை அப்படி உலுக்கியிருக்காது என்றே நம்புகிறேன்.

நீங்கள் நாளைக்கே வங்கிக்குப் போகிற பையில் மெல்லிய சிறுகதைத் தொகுப்பு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். தலையணை மாதிரியான நாவலோடு மறுபடி ஆரம்பிக்க வேண்டாம். விட்டுப்போன பழக்கம் சின்னக் கதைகளில்தான் சீக்கிரம் திரும்பி வரும்.

எழுதும்போது காபியா, டீயா?
– வாசகர், கும்பகோணம்

கும்பகோணத்துக்காரருக்கு வேறு என்ன பதில் சொல்ல முடியும், காபிதான். ஆனால் எழுதி முடித்த பிறகு. எழுதும்போது பக்கத்தில் வைத்தால் ஆறி ஏடு படிந்துவிடுகிறது.

நான் கதை எழுத முயல்கிறேன். மற்றவர்களைப் படித்தால் அவர்களுடைய நடை ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து படிக்காமலே இருக்கிறேன். நான் செய்வது சரியா?
– வாசகர், சிவகாசி

சரியில்லை தம்பி. படிக்காமல் இருந்தாலும் நடை ஒட்டத்தான் செய்யும். சினிமா வசனம், தொலைக்காட்சித் தொடரில் அழுதுகொண்டே பேசுகிற பேச்சு, வாட்ஸ்அப்பில் சுற்றுகிற உபதேசம் எல்லாம் காதில் விழுந்து விழுந்து, நீங்கள் பேனாவை எடுத்ததும் அதுதான் முதலில் இறங்கும். ஒரே ஒரு எழுத்தாளரை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தால் அவரைப் போல எழுத வரும், அதுவும் கொஞ்ச காலத்துக்குத்தான். பலரைப் படிக்கப் படிக்க இது நம்முடைய குரல் இல்லை என்று கண்டுபிடிக்கிற காது வளரும், அந்தக் காதுதான் உங்களுக்கு வேண்டும்.

உங்கள் கரிசல் காட்டையே எடுத்துக்கொள்வோம். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்று ஒரு சின்ன கிராமம். கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் அங்கே பிறந்து கூட்டாளிகளாக வளர்ந்தவர்கள். ஒரே தெருப்புழுதி, ஒரே பேச்சு, ஒரே மாதிரியான வறுமையைப் பார்த்த கண்கள். அழகிரிசாமிக்கு 1970-லும் கி.ரா.வுக்கு 1991-லும் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இருவர் எழுத்தும் ஒன்றாகவா இருக்கிறது? கி.ரா. திண்ணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வழியில் வருகிற செடி, கொடி, சொலவடை எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் சொல்லுவார். அழகிரிசாமி குரலை உயர்த்தாமல் சொல்லிக்கொண்டே போய், கடைசி வரியில் நம்மைத் தவிக்க விட்டுவிடுவார். அதே வட்டாரத்திலிருந்து வந்த பூமணியின் ‘வெக்கை’யைப் படியுங்கள், ஆட்களின் பேச்சையும் நடமாட்டத்தையும் வைத்துவிட்டு அவர் ஒதுங்கிக்கொள்வார். இந்த மூன்று பேரையும் அடுத்தடுத்துப் படித்துவிட்டு உங்கள் கதைக்கு வாருங்கள். பயம் போய்விடும்.

எழுதத் தனி அறை வைத்திருக்கிறீர்களா?
– வாசகி, திருச்சி

இல்லை. சாப்பிட்ட தட்டுகளை எடுத்துவிட்டால் அந்த மேசைதான். அசோகமித்திரன் தியாகராய நகரில் பூங்காவில் உட்கார்ந்து எழுதியவர் என்று படித்ததிலிருந்து எனக்கு இதில் குறையே இல்லை.

உங்கள் கதைகளில் வருகிற மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டு அக்கா எல்லாம் நிஜ மனிதர்களா? அவர்கள் படித்துவிட்டுச் சண்டைக்கு வருவதில்லையா?
– வாசகி, நாகர்கோவில்

ஆட்களை அப்படியே எடுப்பதில்லை. நம்மை நம்பி வாசல் திறந்து உள்ளே விட்டவர்களை ஊருக்குக் காட்டிக்கொடுப்பது எனக்குப் பிடிக்காது. ஆனால் அவர்கள் செய்கிற வேலைகளை அப்படியே எடுத்துக்கொள்வேன். என் அத்தை கோபமாக இருக்கும்போது வெங்காயத்தை எவ்வளவு பொடியாக நறுக்குவாள் என்பதும், கணவன் வேலையை விட்டுவிட்ட செய்தி வந்த அன்று பக்கத்து வீட்டுப் பெண் எதற்காகப் பாத்திரம் எல்லாவற்றையும் இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தாள் என்பதும் எனக்குக் கதைகள்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது வாசிப்புதான். புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ கதையில் பிரமநாயகம் பிள்ளை பட்டணத்தில் துணிக்கடைச் சிப்பந்தி. நோயில் கிடக்கிற மனைவிக்கு அவர் சமைப்பதையும் வெந்நீர் போடுவதையும் மருந்து கொடுப்பதையும் புதுமைப்பித்தன் எழுதிக்கொண்டே போவார். ‘அவர் அவளை நேசித்தார்’ என்று தனியாக ஒரு வாக்கியம் அதற்கு மேல் தேவையா? அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலில் ஜமுனாவின் வாழ்க்கை எங்கே சிக்கிக் கிடக்கிறது என்பதைக் காற்று மட்டும் வருகிற பம்பும் தெருத் தெருவாகத் தூக்கிப் போகிற வாளியும் குடமும் சொல்லிவிடுகின்றன. கி.ரா.வின் ‘கதவு’ இன்னும் ஒரு படி மேலே. ஏழை வீட்டுப் பிள்ளைகள் கதவைப் பேருந்தாக நினைத்து ஏறி ஆடுகிறார்கள், தீர்வை பாக்கிக்காக ஒரு நாள் அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். நம் வீட்டில் நாம் தினமும் பார்க்கிற ஒரு பொருளுக்குள் இவ்வளவு துக்கம் இருக்க முடியும் என்று அந்தக் கதையைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போடப் போனவள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

சண்டையைப் பற்றிக் கேட்டீர்கள். என் மாமியார் என் கதைகளைப் படிப்பார், படித்துவிட்டு ‘இந்தச் சொதி வைக்கிற பக்குவம் தப்பு, முதல் பாலைக் கடைசியில்தான் ஊற்றணும்’ என்று திருத்தம் சொல்வார். நான் மாற்றிவிடுவேன், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ஏழாம் வகுப்பு படிக்கிற மகனுக்கு என்ன புத்தகம் வாங்கிக் கொடுத்தாலும் தொடமாட்டேன் என்கிறான். அடித்தா படிக்க வைக்க முடியும்?
– வாசகர், மதுரை

வாங்கிக் கொடுக்காதீர்கள் சார், கூட்டிக்கொண்டு போங்கள். இப்போது மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது, உங்கள் ஊரில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது. அங்கே விட்டுவிட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். பேய்க்கதையை எடுத்தாலும், படக்கதையை எடுத்தாலும், கிரிக்கெட் புத்தகத்தை எடுத்தாலும் முகம் சுளிக்க வேண்டாம். ‘இதில் என்ன கற்றுக்கொண்டாய்’ என்று கேட்கவே கேட்காதீர்கள், அந்தக் கேள்விதான் பாதிப் பிள்ளைகளைப் புத்தகத்தை விட்டு ஓட வைக்கிறது.

கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ கதையை நீங்கள் படித்துப் பாருங்கள், மகனுக்கு இல்லை, உங்களுக்கு. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொண்டுவந்து கொடுக்கிற ஒருவர், தன் அன்பளிப்புக்கு ஏங்குகிற சாரங்கன் என்கிற பையனைக் கவனிக்காமல் விட்டுவிடுவார். கடைசியில் அந்தப் பையன் தானே ஒரு டைரியைக் கொண்டுவந்து நீட்டித் தன் பெயரை எழுதி, அன்பளிப்பு என்றும் எழுதச் சொல்வான். பிள்ளைகள் புத்தகத்தோடு சேர்த்துக் கொடுக்கிறவரின் மனசையும்தான் கேட்கிறார்கள். ராத்திரி பத்து நிமிடம் கைபேசியைத் தள்ளி வைத்துவிட்டு நீங்களே ஒரு புத்தகத்தோடு அவன் பக்கத்தில் உட்காருங்களேன்.

எங்கள் கிராமத்து நூலகத்தில் பல வருடமாக அதே புத்தகங்கள். காசு கொடுத்து வாங்க வசதியில்லை. என்னைப் போன்றவர்கள் எப்படிப் படிப்பது?
– வாசகர், விளாத்திகுளம் அருகே

உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று அதில் ஒரு தொகை இருக்கும். அந்த நூலகம் யாரும் தர்மத்துக்கு நடத்துவது இல்லை, நீங்கள் காசு கட்டி நடத்துவது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் போன்றவர்கள் வருடக்கணக்காகப் போராடி, 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது, அதில்தான் இந்த வரிக்கு வழி செய்தார்கள். 1931-லேயே அவர் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதியவர். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் கிடைக்க வேண்டும் என்பது அதில் ஒன்று, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கிற உயிர் என்பது இன்னொன்று. அப்படியென்றால் வளராத நூலகத்தைப் பற்றிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

தனியாகக் கேட்காமல் நாலு பேர் சேர்ந்து வாசகர் வட்டமாகக் கேளுங்கள். என்னென்ன புத்தகம் வேண்டும் என்று பட்டியல் போட்டு, நூலகரிடம் ஒன்றும் மாவட்ட நூலக அலுவலருக்கு ஒன்றும் கொடுங்கள். நூலகர் மேல் கோபப்பட வேண்டாம், பெரும்பாலும் அவரும் உங்களைப் போலக் காத்திருக்கிறவர்தான். ஊரிலிருந்து வெளியே போய் வசதியானவர்களிடம் புரவலர் திட்டத்தைச் சொல்லுங்கள், ஆயிரம் ரூபாய் கட்டினால் நூலகப் புரவலராகச் சேர்ந்துவிடலாம், கோயில் கொடைக்கு வரி எழுதும்போது கூடவே இதையும் கேட்கலாமே. என்னுடைய வாசிப்பில் பெரும்பகுதி கிளை நூலகம் போட்ட பிச்சை என்று சிலர் நினைக்கலாம், எனக்கு அது என் அப்பா கட்டிய வரிக்குக் கிடைத்த சொத்து. வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் என்கிற அந்தக் கணக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு எவ்வளவு பெரிய வசதி!

வாடகை வீடு. ஒவ்வொரு முறை மாறும்போதும் புத்தக மூட்டைகளைப் பார்த்து வீட்டில் முணுமுணுப்பு. போதாததற்குப் பூச்சி வேறு. என்ன செய்வது?
– வாசகர், தாம்பரம்

பூச்சிக்கு: சுவரோடு ஒட்டாமல் அலமாரியைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள், வசம்புத் துண்டும் காய்ந்த வேப்பிலையும் வையுங்கள், எல்லாவற்றையும் விட முக்கியம், அடிக்கடி எடுத்துப் புரட்டுங்கள். ஈரமும் இருட்டும் அசையாத இடமும்தான் பூச்சிக்கு வேண்டும். முணுமுணுப்புக்கு: மறுபடி படிக்கப் போகிறவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நண்பர்களுக்குக் கொடுத்துவிடுங்கள்.

அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. வாழ்நாள் முழுக்கத் தொடர்கதை படித்தவர், இப்போது சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.
– வாசகி, கோவை

முதலில் கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள் அம்மா, புரையாக இருந்தால் சரிசெய்துவிடலாம். அதுவரை நீங்கள் படித்துக் காட்டுங்கள். ஒலிப்புத்தகங்கள் இருக்கின்றன, நன்றாகவும் இருக்கின்றன, ஆனால் நடுவில் நிறுத்தி ‘அவன் அப்படிச் செய்யலாமா?’ என்று சண்டை போட ஆள் வேண்டாமா? உங்கள் அம்மாவின் தலைமுறை வாரப் பத்திரிகைக்காகக் காத்திருந்து, வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்ட தலைமுறை. 1950-ல் கல்கியில் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கி மூன்று வருடத்துக்கு மேல் ஓடியதே, அந்தப் பக்கங்களை மணியத்தின் படங்களோடு கிழித்துச் சேர்த்து எத்தனை வீடுகளில் பைண்டு பண்ணி வைத்தார்கள்! அப்படி ஒரு பைண்டு உங்கள் வீட்டுப் பரணிலும் இருக்கலாம், தேடிப் பாருங்கள். தினம் ஒரு அத்தியாயம், மாலை விளக்கு ஏற்றிய பிறகு. முடிகிற இடத்தில் நிறுத்திவிடுங்கள், மிச்சத்தை நாளைக்குக் கேட்கிற ஆவலை அவருக்கு மறுபடி கொடுங்கள்.

இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?
– வாசகர், தூத்துக்குடி

உங்கள் ஊர்க் கதையைத்தான், ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய நாவல், இது இரண்டாவது வாசிப்பு. எழுதுவதற்கு முன்னால் அந்த மக்களிடையே நேரில் போய்ப் பார்த்துப் பேசியவர் அவர், அந்த உழைப்பு பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. வெயிலில் நின்று உப்பு வாருகிற பெண்களின் கால்களைப் பற்றிப் படித்த பிறகு குழம்புக்கு உப்பு போடும்போதெல்லாம் அவர்கள் நினைவு வருகிறது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ அளத்து வேலைக்குப் போனவர்கள் இருந்தால் அவர்களிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள்: இப்போது கூலி எப்படி, மழை மாதங்களில் வீட்டுச் செலவுக்கு என்ன செய்கிறார்கள், நாவலில் இருப்பதில் எது மாறியிருக்கிறது, எது அப்படியே இருக்கிறது? ஆசிரியர் இடம் தந்தால் அடுத்த மாதம் அந்தக் கடிதங்களையே இந்தப் பக்கத்தில் போட்டுவிடலாம்.